சர்ப்பகந்தியும் ஸர் ராம்நாத் சோப்ராவும்

கல்கத்தாவுக்குப் படிக்க வரும் நம் தமிழ் மாணவர்களில் பலர் முதல் ஆண்டிலேயே பௌபஜார் தெருவுக்குப் போய், ஸர் ஸி. வி. ராமன் ஒளிச்சிதறலை ஆராய்ந்த இடம் எது என்று விசாரித்துவிட்டு வருவதுண்டு. போகவேண்டியதுதான். ஆனால் அங்கிருந்து நடக்கும் தூரத்தில், மெடிக்கல் காலேஜை ஒட்டிச் சித்தரஞ்சன் அவென்யூவில் இன்னொரு கட்டிடம் நிற்கிறது. வெப்பமண்டல மருத்துவப் பள்ளி என்பது அதன் பெயர். ஊரார் வாயில் வெறும் டிராபிகல். 1928ல் ராமன் தம் பெயர் தாங்கிய விளைவைக் கண்டறிந்த அதே நாட்களில், இந்தக் கட்டிடத்திலே பஞ்சாபி ராணுவ வைத்தியர் ஒருவர் நாட்டு மருந்துக் கடைகளில் கிடைத்த வேர்களையும் பட்டைகளையும் வாங்கி வந்து, அரைத்து, வடித்து, அவற்றின் குணத்தை அளந்துகொண்டிருந்தார். ஸர் ராம்நாத் சோப்ரா என்று பின்னாளில் உலகம் அறிந்தவர் அவர்தாம். இந்திய மருந்தியலின் தந்தை என்று பாடப் புத்தகங்களில் ஒரு வரி வரும். அந்த ஒரு வரியோடு நாம் அவரைத் தாண்டிப் போய்விடுகிறோம். அவர் தொட்டுப் பார்த்த பல மூலிகைகளில் ஒன்று, மனநோய் மருத்துவத்தின் போக்கையே மாற்றிவிட்டது. அந்தக் கதைக்காகவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

சோப்ரா 1882ஆம் ஆண்டு ஆகஸ்டு 17ல், இன்று பாகிஸ்தானில் இருக்கும் குஜ்ரன்வாலாவில் பிறந்தார். லாகூர் அரசினர் கல்லூரியில் படித்துவிட்டுக் கேம்பிரிட்ஜ் சென்றார். அங்கே டௌனிங் கல்லூரியில் சேர்ந்து, 1905ல் இயற்கை விஞ்ஞானத் தேர்விலும், 1908ல் வைத்தியத் தேர்விலும் வென்றார். அவருடைய வாழ்க்கையைத் திருப்பியது அங்கே அவருக்கு வாய்த்த ஆசிரியர். வால்டர் டிக்ஸன் என்பவர் அப்போது கேம்பிரிட்ஜில் மருந்தியல் போதித்து வந்தார். மருந்தியல் என்ற துறையே அன்று இளங்கன்று. இன்ன மருந்து இன்ன நோய்க்கு ஆகும் என்று மனப்பாடம் செய்வதுதான் அதுவரை வைத்திய மாணவனின் வேலை. டிக்ஸன் போன்றவர்கள் அதை மாற்றினார்கள். மருந்து உடம்பில் எந்த உறுப்பைத் தொடுகிறது, எவ்வளவு தொடுகிறது, எவ்வளவு நேரம் தொடுகிறது என்பதைக் கருவி வைத்துக் கணக்கிட்டார்கள். புகை படிந்த காகிதம் சுற்றிய உருளை மெல்லச் சுழல, ஓர் ஊசி அதில் இதயத்தின் துடிப்பையோ குடலின் அசைவையோ கோடாக எழுதும். அந்த உருளை நம் நாட்டுக் கல்லூரிகளில் அண்மைக்காலம் வரையில் இருந்தது. மருந்தைச் செலுத்தியதும் கோடு உயர்கிறதா தாழ்கிறதா என்று பார், பிறகு பேசு. இதுவே அந்தப் பள்ளியின் பாடம். சோப்ரா அதைச் சாகும்வரை மறக்கவில்லை.

1908ல் இந்திய மருத்துவ ராணுவப் பணியில் சேர்ந்தார். முதல் உலக யுத்தத்தில் கிழக்கு ஆப்பிரிக்காவிலும், பிறகு ஆப்கான் எல்லையிலும் பணி செய்தார். யுத்த வருஷங்களைப் பற்றி இங்கே அதிகம் சொல்வதற்கில்லை. 1921ல் கல்கத்தாவில் ஸர் லெனார்ட் ராஜர்ஸின் முயற்சியால் வெப்பமண்டல மருத்துவப் பள்ளி திறக்கப்பட்டபோது அதன் மருந்தியல் பேராசிரியர் பதவி அவரைத் தேடி வந்தது. மெடிக்கல் காலேஜிலும் அதே பொறுப்பு. இந்தியாவில் மருந்தியலுக்கென்று அமைந்த முதல் பேராசிரியர் ஆசனம் இதுவே என்பர்.

அந்தக் காலத்துக் கல்கத்தாவை எண்ணிப் பாருங்கள். காலா அஸார் என்ற கருங்காய்ச்சல் வங்காளத்திலும் அஸ்ஸாமிலும் கிராமம் கிராமமாக உயிர் குடித்துக்கொண்டிருந்தது. உபேந்திரநாத் பிரம்மசாரி காம்பெல் ஆஸ்பத்திரியின் சிறு அறையில் அதற்கு யூரியா ஸ்டிபமைன் என்ற மருந்தைக் கண்டு, 1922ல் அதன் பலனை வெளியிட்டார். வசதியான கூடம் இல்லாமலே இந்த ஊரில் பெரிய காரியங்கள் நடந்திருக்கின்றன. ஆனால் சீமையிலிருந்து வரும் மருந்தின் விலையோ ஏழைக்கு எட்டாது. இன்னொரு பக்கம் கவிராஜர் என்று வங்காளிகள் அழைக்கும் ஆயுர்வேத வைத்தியர்கள் தெருவுக்குத் தெரு இருந்தார்கள். நம் ஊர்ச் சித்த வைத்தியர்களைப்போலவே அவர்களிடமும் அனுபவம் இருந்தது, ஏடு இருந்தது, அளந்து காட்டும் கருவி இல்லை. மேல்நாட்டு முறையில் படித்தவர்கள் கவிராஜரைக் கேலி செய்தார்கள். கவிராஜர்கள் அவர்களை நாட்டுத் துரோகிகள் என்றார்கள்.

சோப்ரா இரண்டு பக்கமும் சேரவில்லை. நாட்டு மருந்துகளை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய ஒரு திட்டம் வகுத்தார். இந்தியா தன் மருந்துத் தேவையைத் தானே நிறைவேற்றிக்கொள்ள வேண்டும். வைத்தியர்களின் கூற்றில் எது மெய் என்று சோதித்து, தேறியதை எல்லா வைத்தியர்களும் கையாளச் செய்ய வேண்டும். ஏழை வாங்கக்கூடிய விலையில் மருந்து கிடைக்க வேண்டும். இந்த மூன்றும் அவர் குறிக்கோள்கள். சீதபேதிக்குக் குடசப்பாலைப் பட்டை, இருமலுக்கு ஆடாதோடை, நீர்க்கட்டுக்கு மூக்கிரட்டை, இமயமலைச் சாரலில் விளையும் எபிட்ரா என்று வரிசை நீண்டது. பல மருந்துகள் தேறவில்லை. தேறாததைத் தேறவில்லை என்றே எழுதினார். 1933ல் இந்திய நாட்டு மருந்துகள் பற்றிய அவருடைய பெரிய நூல் கல்கத்தாவில் வெளியாயிற்று. புகழ்ச்சிக்காகவும் இகழ்ச்சிக்காகவும் அல்லாமல் மூலிகையைப் பற்றி எழுதிய முதல் பெருநூல் அது என்பது என் எண்ணம்.

இதனிடையே இன்னொரு வேலை வந்து சேர்ந்தது. அந்நாளில் சந்தையில் விற்ற மருந்துகளில் பாதிக்குமேல் நம்பத் தகாதவை என்ற புகார் நாடெங்கும் எழுந்தது. மலேரியாவுக்குக் கொடுக்கும் கொயினாவில்கூடக் கலப்படம், அளவிலும் குறைவு. காய்ச்சலில் கிடப்பவன் கடைசிக் காசைக் கொடுத்து வாங்கியது சுண்ணாம்பா மருந்தா என்று யாரும் கேட்க முடியாத நிலை. அரசாங்கம் 1930ல் மருந்து விசாரணைக் குழு ஒன்றை நியமித்து, சோப்ராவைத் தலைவராக்கிற்று. 1931ல் அறிக்கை வந்தது. அறிக்கை வந்தவுடனே சட்டம் வந்துவிடுமா? ஒன்பது ஆண்டு கழித்து, 1940ல்தான் மருந்துச் சட்டம் நிறைவேறியது. நடுவில், 1937ல், மருந்துகளின் தரத்தைச் சோதிக்கக் கல்கத்தாவில் ஓர் ஆய்வுக்கூடம் ஏற்பட்டது. இன்று நாம் விழுங்கும் ஒவ்வொரு மாத்திரையின் உறையிலும் தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் அச்சாகியிருப்பதன் வேர் அங்கே இருக்கிறது. சோப்ரா செய்த காரியங்களில் இதுவே பெரிது என்று நான் கருதுகிறேன். வேறு சிலர் சர்ப்பகந்தியைச் சொல்வார்கள்.

சர்ப்பகந்திக்கு வருமுன் ஒரு வார்த்தை. மனத்தைத் தொடும் பொருள்களில் சோப்ராவுக்கு முன்பிருந்தே ஓர் ஈடுபாடு உண்டு. அபினி, கொக்கேயின், கஞ்சா ஆகியவற்றுக்கு அடிமைப்பட்டோரைப் பற்றி அவரும் உடன் உழைத்தவர்களும் பல ஆண்டுகள் விசாரித்தார்கள். கஞ்சா பற்றிய 1939ஆம் ஆண்டு ஆராய்ச்சியில் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களின் விவரங்கள் தொகுக்கப்பட்டிருக்கின்றன. பழிக்காமல், பரிதாபமும் கொட்டாமல், எவ்வளவு உண்கிறான், எத்தனை நாளாக, உடம்பும் புத்தியும் எப்படி இருக்கின்றன என்று கேட்கும் முறை அது. மனநோய் மருந்துகளுக்கும் இதே கேள்விகள் பின்னால் தேவைப்பட்டன.

சர்ப்பகந்தி ஒரு சிறு செடி. முழங்கால் உயரம், சற்றுக் கூடுதலாகவும் வளரும். வெள்ளையும் சிவப்பும் கலந்த பூ. வேர் கசப்பு. நம் மேற்கு மலைத்தொடரின் ஈரக்காடுகளிலும் உண்டு. பாம்புக்கடிக்கு, வயிற்று வலிக்கு, தூக்கமின்மைக்கு என்று பல விதத்தில் பயன்பட்டது. பீகாரில் இதைப் பைத்திய மருந்து என்ற பொருள்படும் பெயரிலேயே விற்றார்கள். மேல்நாட்டுத் தாவர நூல்களில் இதற்கு ரௌவோல்பியா என்று பெயர். 16ஆம் நூற்றாண்டில் ஆக்ஸ்பர்க் நகரில் வாழ்ந்த ரௌவோல்ப் என்ற வைத்தியரின் நினைவாக வைத்தது. அந்த மனிதர் இந்தச் செடியைக் கண்ணால் பார்த்தவர் அல்லர்!

1931லும் அதை அடுத்த இரண்டு ஆண்டுகளிலுமாக மூன்று இடங்களிலிருந்து இந்த வேரின் மேல் வெளிச்சம் விழுந்தது. டில்லி திப்பியா கல்லூரியில் ஸலீமுஸ்ஸமான் ஸித்திகி இதிலிருந்து படிகப் பொருள்களைப் பிரித்தெடுத்து, ஒன்றுக்கு ஹக்கீம் அஜ்மல்கானின் நினைவாக அஜ்மலின் என்று பெயரிட்டார். கல்கத்தாவில் கவிராஜர் கணநாத் ஸென்னும் டாக்டர் கார்த்திக் சந்திர போஸும் சேர்ந்து, வேர்ப் பொடி இரத்த அழுத்தத்தைக் குறைப்பதையும், வெறிகொண்ட மனநோயாளிகளை அமைதிப்படுத்துவதையும் தங்கள் அனுபவத்திலிருந்து எழுதி வெளியிட்டார்கள். கவிராஜரும் டாக்டரும் ஒரே கட்டுரையில் கையெழுத்திட்டது அந்த நாளில் சிறிய விஷயமல்ல. மூன்றாவது இடம் சோப்ராவின் ஆய்வுக்கூடம். அவர், ஜே. ஸி. குப்தா, பி. முகர்ஜி ஆகிய மூவரும் இந்த வேரின் காரப்பொருளைப் பிராணிகளுக்குச் செலுத்திப் பார்த்து, இரத்த அழுத்தம் தணிவதையும், மைய நரம்பு மண்டலம் அடங்குவதையும் 1933ல் பதிவு செய்தார்கள்.

அடங்குவது என்ற சொல்லை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், அன்றைய மனநோய் ஆஸ்பத்திரிகளில் அதற்கு இருந்த மதிப்பு வேறு. கல்கத்தாவின் நோயாளிகள் பலர் ராஞ்சிக்கு அனுப்பப்பட்டார்கள். அங்கே இந்தியருக்கான மனநோய் ஆஸ்பத்திரி 1925ல் ஏற்பட்டது. நகருக்குள் கிரீந்திரசேகர் போஸும் அவருடைய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தாரும் 1940ல் லும்பினி பார்க் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார்கள். பேசித் தீர்க்கும் முறை அங்கே இருந்தது. பேச முடியாத அளவுக்கு வெறி மிகுந்தவனுக்கோ, உலகில் எங்குமே புரோமைடு, பாரால்டிஹைடு போன்ற தூக்க மருந்தும், பூட்டிய அறையும்தான். மயக்காமல் அமைதிப்படுத்தும் மருந்து அப்போது கிடையாது. கிராமத்துப் பைத்திய மருந்து அதைச் செய்கிறது என்றால் அது எத்தனை பெரிய செய்தி!

ஆனால் செய்தி கல்கத்தாவிலேயே நின்றது. காரணம் ரசாயனத்தில் இருக்கிறது. அழகிய படிகங்களாகப் பிரிந்து வந்த பொருள்களை எல்லோரும் ஆராய்ந்தார்கள். அவற்றைக் கொடுத்தால் இரத்த அழுத்தம் மாறியது. வேர்ப் பொடி தரும் அந்த ஆழ்ந்த அமைதி முழுவதும் வரவில்லை. சோப்ராவின் மாணவ பரம்பரையினர் அதை விடவில்லை. குப்தாவும் இருவரும் 1943ல் மனநோயாளிகளுக்கு வேர் மருந்து கொடுத்த அனுபவத்தை எழுதினார்கள். மறுவருஷம் டேராடூன் வேரிலிருந்து எடுத்த பிசின் பகுதியில்தான் தூக்கம் தரும் குணம் இருப்பதைக் காட்டினார்கள். படிகமாகாத, கருத்த, ஒட்டும் பிசின். ரசாயன மாணவன் வழக்கமாகக் கழுவி ஊற்றிவிடும் சரக்கு. நாம் எடுக்க வேண்டியது அதில்தான் இருந்தது. யுத்த காலத்துக் கல்கத்தாவில், பஞ்சம் தெருவில் கிடக்க, அதைப் பிரித்துத் தூய்மையாக்கும் வசதி இல்லை. சோப்ராவும் 1941ல் ஸர் பட்டத்தோடு ஓய்வுபெற்றுக் காஷ்மீருக்குப் போய்விட்டார்.

பிறகு நடந்தது உலகறிந்தது. 1949ல் பம்பாய் வைத்தியர் ருஸ்தம் ஜால் வக்கீல் இரத்தக் கொதிப்பு நோயாளிகளுக்குச் சர்ப்பகந்தி கொடுத்த பலனை ஆங்கில இருதய மருத்துவ இதழில் எழுதினார். அதைப் படித்த மேல்நாட்டார் விழித்துக்கொண்டனர். ஸ்விட்ஸர்லாந்தின் பேஸல் நகரில், ஸீபா கம்பெனியின் ஆராய்ச்சியாளர்கள் 1952ல் அதே பிசின் பகுதியிலிருந்து ஒரு தூய பொருளைப் பிரித்து ரிசர்ப்பின் என்று பெயரிட்டார்கள். 1954ல் நியூயார்க் மாநிலத்து ராக்லண்ட் ஆஸ்பத்திரியில் நேதன் கிளைன் அதை மனநோயாளிகளுக்குக் கொடுத்து நல்ல பலன் கண்டார். குளோர்புரோமஸின் என்ற இன்னொரு மருந்தும் அதே காலத்தில் பிரான்ஸிலிருந்து வந்தது. இரண்டும் சேர்ந்து பூட்டிய வார்டுகளின் கதவைத் திறந்தன. 1956ல் உட்வர்ட் ரிசர்ப்பினை ஆய்வுக்கூடத்திலேயே செய்து காட்டினார். கல்கத்தாவின் பெயர் இந்த வரலாற்றில் அடிக்குறிப்பாகிப் போனது. இதில் வருந்துவதற்கு இருக்கிறது. ஆனாலும் நம்மவர் எல்லாம் முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள் என்று மார் தட்டுவோரோடு நான் சேரமாட்டேன். குணத்தைக் கண்டது இங்கே. பொருளைக் கண்டது அங்கே. இரண்டும் வெவ்வேறு காரியம்.

இனிதான் கதை இருண்ட பக்கம் திரும்புகிறது. இரத்தக் கொதிப்புக்காக ரிசர்ப்பினை அதிக அளவில் நீண்டகாலம் உண்டவர்களில் சிலர் மெல்ல மெல்ல மாறினார்கள். பேச்சு குறைந்தது. காரணமின்றி அழுகை. நாற்காலியில் உட்கார்ந்தால் எழ மனமில்லை. அமெரிக்க வைத்தியர் எட்வர்ட் ஃபிரைஸ் 1954லேயே இதைப்பற்றி எச்சரித்தார். வேறு சிலருக்குக் கை நடுங்கி, முகம் மரத்து, நடை குறுகி, பார்க்கின்ஸன் நோய்போலவே ஆயிற்று. வெறியை அடக்கிய மருந்தே மனிதனையும் அடக்கிவிட்டதா?

காரணம் இப்போது தெளிவாகத் தெரியும். நம் நரம்பு முனைகளில் நுண்ணிய பைகள் இருக்கின்றன. செரட்டோனின், நார்அட்ரினலின், டோபமைன் என்ற தூதுப் பொருள்கள் அவற்றில் சேமிக்கப்படுகின்றன. ரிசர்ப்பின் அந்தப் பைகளில் சரக்கு ஏற்றும் வாயிலை அடைத்துவிடுகிறது. வெளியே தங்கிய சரக்கை நரம்பினுள் இருக்கும் நொதி ஒன்று அழித்துவிடும். நெல்லைக் குதிரில் கொட்ட வழியில்லாமல் முற்றத்தில் குவித்தால் கோழியும் எலியும் தின்றுவிடுவது போல என்று வைத்துக்கொள்ளலாம். மருந்தை நிறுத்தினாலும் உடனே சரியாகாது. புதிய பைகள் உண்டாகி வரப் பல நாட்கள் பிடிக்கும்.

1957ல் ஸ்வீடன் தேசத்து ஆர்விட் கார்ல்ஸனும் தோழர்களும் செய்த ஒரு சோதனையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு. ரிசர்ப்பின் கொடுத்த முயல்கள் காது தொங்க, அசைவற்றுக் கிடந்தன. அவற்றுக்கு எல்-டோபா என்ற பொருளைச் செலுத்தினார்கள். மூளையில் அது டோபமைனாக மாறும். சிறிது நேரத்தில் முயல்கள் எழுந்து ஓடின! டோபமைன் மூளையில் தனி வேலை உடையது என்பதும், அசைவுக்கு அது வேண்டும் என்பதும் அதன்பின் துலங்கின. 1960ல் பார்க்கின்ஸன் நோயாளிகளின் மூளையில் டோபமைன் குறைந்திருப்பது வியன்னாவில் தெரிந்தது. 1967ல் அதிக அளவு டோபா கொடுத்து அந்நோயைத் தணிக்க முடியும் என்று அமெரிக்காவில் காட்டினார்கள். கார்ல்ஸனுக்கு 2000ஆம் ஆண்டில் நோபெல் பரிசு கிடைத்தது. பீகார்க் காட்டுச் செடி ஒன்றிலிருந்து புறப்பட்ட பாதை அங்கே போய்ச் சேர்ந்தது.

ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு, பலரும் கவனிப்பதில்லை. எழுந்து ஓடிய முயல்களுக்கு அதற்குமுன் இருந்தது மனச்சோர்வா, வெறும் உடல் மந்தமா? முயலிடம் கேட்க முடியாது. ரிசர்ப்பின் கொடுத்துக் கிடத்திய பிராணியே மனச்சோர்வு நோயின் மாதிரி என்று விஞ்ஞானிகள் எடுத்துக்கொண்டார்கள். அதை எழுப்பும் மருந்து எதுவோ அதுவே மனச்சோர்வுக்கு மருந்து என்று வைத்துப் பல ஆண்டுகள் புதிய மருந்துகளைத் தேர்ந்தார்கள். தூதுப் பொருள்களின் குறைவுதான் மனச்சோர்வு என்ற கொள்கையும் 1960களில் இதன்மேல் எழுந்தது. ஆனால் லண்டனில் 1955ல் டேவிஸும் ஷெப்பர்டும் கவலையும் சோர்வும் உற்ற நோயாளிகளுக்கு ரிசர்ப்பினையும் வெறும் மாத்திரையையும் பிரித்துக் கொடுத்துப் பார்த்தபோது, ரிசர்ப்பின் உண்டவர்களே அதிகம் தேறினார்கள்! அண்மைக்காலத்தில் பழைய ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்தவர்களும், இந்த மருந்து எல்லோருக்கும் மனச்சோர்வை உண்டாக்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்றே எழுதியிருக்கிறார்கள். சிலருக்கு உண்டாயிற்று, அது மெய். பலருக்கு உண்டானது மந்தம். மந்தத்தைச் சோர்வு என்று எழுதிவிட்டார்களோ என்ற ஐயம் நிற்கிறது.

இது பழங்கதை என்று ஒதுக்கிவிட முடியாது. மனச்சோர்வு என்பது மனத்தில் மட்டும் இருக்கும் நோய் அன்று. பேச்சில் இடைவெளி நீளும், கால் கனக்கும், விளக்கு எரிந்ததும் பொத்தானை அமுக்கும் எளிய சோதனையில்கூட நேரம் கூடும். எண்களுக்கு உரிய குறிகளை வரிசையாக எழுதச் சொன்னால் குறைவாக எழுதுவார்கள். அந்நோய்க்குக் கொடுக்கும் மருந்துகளும் இதே சோதனைகளில் தங்கள் கைவரிசையைக் காட்டுகின்றன. அமிட்ரிப்டிலின் போன்ற பழைய மருந்துகள் முதல் நாட்களில் தூக்கத்தையும் வாய் வறட்சியையும் மறதியையும் தரும். வண்டி ஓட்டுவது ஆபத்தாகும். செரட்டோனினை மட்டும் பெரும்பாலும் தொடும் பிந்திய மருந்துகளில் இந்தத் தொல்லை குறைவு. சில வாரங்களில் உடம்பு பழகிக்கொள்ளும். அதற்குள் நோயும் தணியத் தொடங்கினால் மொத்தத்தில் வேகம் கூடியிருக்கும். ஆகவே முதல் வாரத்தில் அளந்தால் மருந்து குற்றவாளி. இரண்டாம் மாதம் அளந்தால் அதே மருந்து உபகாரி. எந்த நாளில் அளந்தார்கள் என்று கேட்காமல் எந்த ஆய்வையும் நம்பக்கூடாது.

எனக்குத் தெரிந்த ஆராய்ச்சி மாணவர் ஒருவர், ஊரை விட்டு வெகுதூரம் வந்து படிப்பவர், இத்தகைய மருந்து உண்டுவந்தார். ஒரே பக்கத்தை மூன்று முறை படிக்கிறேன், குழாயில் திரவம் எடுக்கும்போது கை பின்தங்குகிறது என்று சொல்வார். வீட்டாருக்கு அது சோம்பல். சுற்றியிருந்தவர்களுக்கு அது நோயின் குணம். அவரே ஒரு குறிப்பேட்டில் மருந்து உண்ட வேளையையும் மந்தம் வரும் வேளையையும் இரண்டு வாரம் எழுதிவைத்து வைத்தியரிடம் காட்டினார். காலை மருந்து இரவுக்கு மாறியது. அளவும் சற்றுக் குறைந்தது. பிறகு அவர் பகலில் வேலை செய்தார். தானாக நிறுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் நினைத்துப் பார்ப்பதில்லை. மருந்தின் குணத்தை உண்டவனிடமே கேட்டு எழுதிக்கொள் என்ற சோப்ராவின் பழைய முறையை அவர் தம்மை அறியாமலே கையாண்டார் என்று மட்டும் தோன்றுகிறது.

சோப்ரா இந்தச் சர்ச்சைகளுக்கு நடுவில் வரவில்லை. காஷ்மீர் அரசின் வைத்தியத் துறையிலும், ஜம்முவில் அமைந்த மருந்து ஆராய்ச்சிக் கூடத்திலும் 1957 வரையில் உழைத்தார். நாடு சுதந்திரம் அடையும் தறுவாயில், 1946ல், நாட்டு வைத்திய முறைகள் பற்றி ஆராய மத்திய அரசு ஒரு குழு அமைத்தபோது மறுபடியும் அவரையே தலைவராக்கினார்கள். இரண்டு முறைகளும் ஒன்றுகலந்து ஒரே மருத்துவமாக வேண்டும் என்பதே 1948ல் அந்தக் குழுவின் முடிவு. சென்னையில் இதற்கு ஏறக்குறைய கால் நூற்றாண்டு முன்பே உஸ்மான் கமிட்டி இதுபற்றி விசாரித்ததும், கேப்டன் ஸ்ரீநிவாஸமூர்த்தியின் முயற்சியில் 1925ல் இந்திய மருத்துவப் பள்ளி ஏற்பட்டதும் நம்மவர் அறிந்ததே. ஒன்றுகலப்பது சோப்ரா எண்ணியபடி நடக்கவில்லை. வைத்தியர்களில் ஒரு சாரார் தங்கள் சாஸ்திரம் கரைந்துபோகும் என்று அஞ்சினார்கள். டாக்டர்களில் ஒரு சாரார் தரம் போய்விடும் என்றார்கள். இரண்டும் தனித்தனிக் கல்லூரிகளாக நின்றுவிட்டன. 1948ல் பாட்னாவில் கூடிய இந்திய விஞ்ஞான காங்கிரஸுக்கும் சோப்ரா தலைமை வகித்தார்.

1956ல் இந்திய மருந்துச் செடிகளின் அகராதி ஒன்றை இருவருடன் சேர்ந்து வெளியிட்டார். 1958ல் அவருடைய பெரிய நூலின் இரண்டாம் பதிப்பு வந்தது. அதற்குள் ரிசர்ப்பின் உலகெங்கும் விற்பனையாகி, காட்டுச் சர்ப்பகந்தியை வண்டி வண்டியாகத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். வேர்தான் மருந்து என்பதால் செடி பிழைக்காது. இன்று அது அருகிவரும் செடிகளின் சர்வதேச வாணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது.

ஸர் ராம்நாத் சோப்ரா 1973ஆம் ஆண்டு ஜூன் மாதம் தம் தொண்ணூற்றோராம் வயதில் காலமானார். 1983ல் தபால் இலாகா அவர் உருவம் பொறித்த தபால் தலை வெளியிட்டது. ரிசர்ப்பினை மனநோய்க்கு இப்போது அநேகமாக யாரும் கொடுப்பதில்லை. ஆனால் அதே பைகளின் அதே வாயிலை அடைக்கும் டெட்ராபெனஸின் என்ற மருந்து, கை கால்கள் தம் இச்சையின்றி ஆடும் ஹண்டிங்டன் நோய்க்கு அமெரிக்காவில் 2008ல் அனுமதி பெற்றது. அதன் உறவான இரண்டு மருந்துகள் 2017ல் வந்தன. மனநோய் மருந்துகளை நெடுநாள் உண்டதனால் முகமும் நாக்கும் தாமே அசையும் தொல்லைக்கும் அந்த இரண்டும் உதவுகின்றன. டெட்ராபெனஸின் பெட்டியில் மனச்சோர்வு உண்டாகலாம், கவனம் என்ற எச்சரிக்கை கட்டமிட்டு அச்சாகியிருக்கிறது.